என் பேரில் இருந்த வியாதி

புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. எங்கள் ஊர் ஆறான புதாற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பா நடவு நேரம். எங்கள் தெருவில் கதவு திறந்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒரு காலையில் அதிராம்பட்டினத்து சித்தீக் ஒரு பையில் கொடுவா மீனும் இன்னொரு பையில் இன்சூரன்ஸ் காகிதங்களுமாக ரெத்தினத்தின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினார்.

ரெத்தினம் என் சித்தப்பா மகன். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்று மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவதும், காலையும் மாலையும் கேஜ் கல்லில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அவன் வேலை. எங்கள் அப்பாக்கள் அந்த ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் அடுத்தவருக்கு உழைத்தவர்கள். அந்தத் தண்ணீரைத் திறக்கும் சாவி எங்கள் தெருக்காரன் கைக்கு வந்தபோது நாங்கள் யாரும் ஆட்டம் போடவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டோம், அவ்வளவுதான். நான் அதற்கு முன்பே தொடக்கப் பள்ளியில் ஆசிரியன். எங்கள் இருவர் வீடும் ஊருக்கு எடுத்துக்காட்டாக இருக்கவேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். இன்றைக்கும் அப்படித்தான்.

போன தை மாதம் ரெத்தினத்தின் மனைவி கண்ணாத்தாளுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. தஞ்சாவூரில் தனியார் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், தீவிர சிகிச்சையில் பதினோரு நாள். பென்ஷன்காரர்களுக்கான அரசுத் திட்டம் ஐந்து லட்சத்தோடு நின்றுவிட்டது. பில் நிற்கவில்லை. மிச்சத்தை மருமகன் தமிழ்மாறன் கட்டினார். ஒரத்தநாட்டில் கூட்டுறவு வங்கி வேலை, தங்கமான குணம். என்னை வழியில் கண்டால் வண்டியை நிறுத்திப் பின்னால் ஏற்றிக்கொள்ளாமல் போகமாட்டார். கட்டிய பணத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால்கூட ரெத்தினம் தாங்கியிருப்பான்.

"பொண்ணையும் கொடுத்துட்டு நம்ம வைத்தியச் செலவையும் சேத்துக் கொடுத்துட்டோமேண்ணே" என்று என்னிடம் ஒருநாள் சொன்னான். சித்தீக்கை வரச் சொன்னவன் அவன்தான். நானும் கூட இருக்கவேண்டும் என்று கூப்பிட்டிருந்தான்.

மீன் பையைப் பார்த்ததும் கண்ணாத்தாள் சிரித்தாள். "பாலிசி எடுக்கலன்னா மீனைத் திருப்பிக் கேப்பீங்களா?"

"கழுவி வச்சிட்டா கேக்க மாட்டேன்க்கா. சீக்கிரம் கழுவிருங்க" என்றார் சித்தீக். துபாயில் கணக்கு எழுதப் போய்த் திரும்பியவர், நாற்பது வயதிருக்கும்.

கண்ணாத்தாள் அருவாமனையைக் கொல்லைப்படியில் போட்டு உட்கார்ந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் காரம் ஆகாது; கஞ்சிதான். மீன் மற்றவர்களுக்கு.

சித்தீக் காகிதத்தை விரித்தார். "அண்ணே, பென்ஷன்ல மாசாமாசம் புடிக்கிறாங்கள்ல, அது மொதப் பாலிசி. இது அதுக்கு மேல உக்கார்றது. டாப்-அப்பு. மொத அஞ்சு லட்சத்துக்கு இது வாயே தொறக்காது. அதுக்கு மேல போறதை இது பாத்துக்கும்."

"அஞ்சுக்குள்ள நின்னுட்டா நான் கட்டினது போச்சா?"

"போச்சு. அது போகணும்னுதான் துவா செய்யணும்."

ரெத்தினம் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தான். "ஏரிக் கலிங்கு மாதிரி. மட்டம் கல்லைத் தொடற வரைக்கும் அது சும்மா கெடக்கும். தொட்டா வழியும்."

"அதேதாண்ணே!"

"அப்ப இன்னொண்ணு சொல்லுங்க. ஒரே மழையில ஏரி நெறையணுமா, நாலு மழை சேந்து நெறைஞ்சாலும் வழியுமா?"

சித்தீக் பேனாவை மூடிவிட்டார். "சார், பாத்தீங்களா?" என்றார் என்னிடம். "இதைக் கேக்காமத்தான் பாதிப் பேரு ஏமாந்து போறாங்க. சாதா டாப்-அப்புன்னா ஒவ்வொரு தடவை படுக்கறப்பவும் தனியா அஞ்சு லட்சத்தைத் தாண்டணும். சூப்பர் டாப்-அப்புன்னா வருசத்துல படுத்ததெல்லாம் கூட்டிப் பாப்பாங்க. நாலு மழை சேந்தாலும் வழியும். நான் கொண்டாந்தது அதுதான். இனிமே எல்லா ஊர்லயும் ஏரியை வச்சே சொல்றேன்."

ரெத்தினத்துக்கு அது பெருமையாக இருந்தது. காலை மாற்றிப் போட்டுக்கொண்டான். பிறகு சித்தீக் செல்போனில் பாரத்தைத் திறந்து கேள்விகளை வாசிக்க ஆரம்பித்தார். கண்ணாத்தாளின் ஆபரேஷனை ரெத்தினம் தேதியோடு சொன்னான். அடுத்தது அவன் முறை.

"சர்க்கரை?"

"இல்ல."

"பிரஷரு?"

"இல்ல."

"நெஞ்சு வலி, ஆஸ்துமா, காசம்?"

"எங்க வம்சத்துலயே கெடையாது."

"வலிப்பு, ஃபிட்ஸ், மயங்கி விழறது?"

கொல்லைப்படியில் செதில் சுரண்டும் சத்தம் நின்றது.

"இல்ல" என்றான் ரெத்தினம். பெண் கேட்டு வந்தவர்களிடம் நாங்கள் சொல்லும் குரல் அது. ஆறு வருஷத்துக்கு முன்பு இதே கூடத்தில் ரெத்தினத்தின் மகள் சுடர்விழியைக் கேட்டு வந்தபோது, 'குடும்பத்துல வியாதி வெக்கை ஏதாவது' என்று தமிழ்மாறனின் அம்மா இழுத்தபோது, நானும் அவனும் ஒரே குரலில் சொன்ன 'இல்ல'. எங்களுக்குக் கேள்வி கேட்பவர் எல்லாம் சம்பந்திதான். இன்சூரன்ஸ் கம்பெனியும் எங்களுக்குச் சம்பந்தியாகிவிட்டது.

சித்தீக் சத்தம் நின்றதைக் கவனித்தாரோ என்னவோ. மீன்குழம்பு கொதித்து, சாப்பிட்டுக் கை கழுவியபின் வண்டியில் ஏறுமுன் நின்று சொன்னார்.

"அண்ணே, கம்பெனிலேருந்து ஒரு டாக்டரம்மா போன் பண்ணுவாங்க. இதே கேள்விதான், ஆனா ரெக்கார்டு ஆகும். வியாதி இருக்குன்னு சொன்னா அந்த வியாதிக்கு மட்டும் மூணு வருசம் காத்திருக்கச் சொல்லலாம். கூட ரெண்டு காசு கேக்கலாம். வேணாம்னும் சொல்லலாம், மறைக்கல. ஆனா இருக்கறத இல்லைன்னு சொல்லிட்டு நாளைக்குப் படுத்தோம்னா பாலிசியே இல்லைன்னுருவாங்க. பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்புக்காரரு. படுத்தது வேற எதுக்கோ. ஆஸ்பத்திரில பழைய சீட்டு ஒண்ணு பர்சுலேருந்து விழுந்துருச்சு. அவ்வளவுதான். நான் தரகு வாங்கற ஆளுதான். ஆனா அவரு வீட்டம்மா மூஞ்சில இன்னைக்கும் என்னால முழிக்க முடியல."

மறுநாள் காலை நடவுக்கு ஆள் விட்டுவிட்டு நான் ஆற்றங்கரை வரப்பில் நின்றிருந்தபோது ரெத்தினம் வந்தான். ஓய்வுக்குப் பிறகு அவன் மூன்று மா நிலம் பார்க்கிறான். என் வயலுக்கு அடுத்தது. இரண்டு பேரும் மதகைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதினாறு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசியில் ஒரு காலையில், அந்த மதகுப் பலகையின் ஓரத்தில்தான் அவன் கிடந்தான். சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். வாயில் நுரை, ஒரு கால் பலகைக்கு வெளியே தண்ணீருக்கு மேல் தொங்கி உதறிக்கொண்டிருந்தது. இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். தெளிந்ததும் ஒன்றும் தெரியாதவன்போல் "கேஜ் பாக்கணும்ணே" என்றான். அன்று மதியமே தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சீட்டு எழுதும் பெண் பெயர் கேட்டாள். அவன் வாயெடுக்குமுன் நான் அவன் தோளை அழுத்தி, "துரைராசு" என்றேன். அது என் பெயர்.

வலிப்பு என்று தெரிந்தால் ஷட்டர் வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயந்தோம். சுடர்விழி பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் பையன்கள் இருவருக்கும் கல்யாணம் முடிந்திருந்தது. பெயர்தானே, கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ரெத்தினம் அந்த கிளினிக்கில் துரைராசு. மருந்துச் சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் துரைராசு. இது தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், அவன், கண்ணாத்தாள்.

"என்னண்ணே செய்யறது?" என்றான்.

"நீ இல்லைன்னு சொல்லிட்டே. அதுலயே நில்லு."

"போன்ல வேற கேப்பாங்களாம்."

"கேட்டா இல்லைன்னு சொல்லு. உம் பேர்ல ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. எவன் கண்டுபுடிப்பான்? இதை வெளிய சொன்னா சுடர்விழிய அவ மாமியா என்ன கேப்பா? உம் பேத்தி மதிவதனிக்கு ஒரு சாதாக் காய்ச்சல் வந்து தூக்கிப்போட்டாக்கூட ஒங்க ரத்தம்னு சொல்லுவா. அந்தக் கொழந்தைக்கு நாலு வயசு. அதுக்கும் ஒரு காலத்துல மாப்பிள்ளை பாக்கணும்ல."

"அதுக்குத்தானே நானும் இல்லைன்னேன்" என்றான். நிம்மதியாகச் சொன்ன மாதிரி இல்லை.

பின்னால் டீத்தூக்கு வரப்பில் இடிபடும் சத்தம். கண்ணாத்தாள் வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"டீ ஆறுது" என்றாள். இருவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் மதகைப் பார்த்துப் பேசினாள்.

"அத்தான், நீங்க பேரக் கொடுத்தீங்க. அத நான் கொறை சொல்லல. நான் என்ன கொடுத்தேன்னு ரெண்டு பேரும் கேட்டதே இல்ல. இவரு ரிடையராகற வரைக்கும் பன்னெண்டு வருசம், காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை, இந்தத் தூக்கைத் தூக்கிட்டு இங்க வந்தேன். புருசனை விட்டு அரை நாழி இருக்க மாட்டாடீன்னு நடவுக்காரிங்க சிரிச்சாளுங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். இவரு ஷட்டரைச் சுத்தறப்ப நான் இவரு சட்டை முதுகையே பாத்துக்கிட்டு நிப்பேன். டீயாவது மண்ணாவது."

"பழசை ஏன் இப்ப..." என்றான் ரெத்தினம்.

"பழசு இல்ல, நாளைக்குள்ளதைத்தான் கேக்கறேன். நீங்க விழுந்துட்டீங்க, நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். எந்தப் பேரச் சொல்லிச் சீட்டு வாங்கறது? துரைராசுன்னா இன்சூரன்ஸ் கெடையாது, பென்ஷன் திட்டமும் கெடையாது. ரெத்தினம்னா என்ன மாத்திரை திங்கறீங்கன்னு டாக்டருக்குத் தெரியாது. வாயத் தொறந்து சொல்ல நீங்க நெனவோட இருக்க மாட்டீங்க. நான் சொல்லவா வேணாமா? அத்தானைக் கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். என்னிடம் அவள் இப்படிப் பேசியதில்லை.

"காய்ச்ச அடிச்சாலும் குடையப் புடிச்சிக்கிட்டுப் போயி கேஜைக் கண்ணால பாத்துட்டு வந்துதான் எழுதுவீங்க. நேத்து மட்டத்தையே இன்னைக்கும் எழுதிப்புடலாமே, யாருக்குத் தெரியப்போவுதுன்னு நான் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? கீழ இருக்கறவன் அதை நம்பித்தானே வெதைக்கிறான்னீங்க. நானும் கீழதான் இருக்கேன்."

தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரெத்தினம் வயலில் இறங்கி, யாரும் கேட்காமலே நாற்று முடிகளை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். நான் மானத்தைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொல்ல இருந்தேன். சொல்லவில்லை.

போன் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுடர்விழியும் தமிழ்மாறனும் குழந்தையோடு வந்திருந்தார்கள். கண்ணாத்தாள் கோழி அடித்திருந்தாள். எல்லோரும் கூடத்தில் இருந்தோம். ரெத்தினத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். சுடர்விழி ஸ்பீக்கரைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

"வணக்கம் சார், நான் டாக்டர் பேசறேன். இந்தக் கால் பதிவு செய்யப்படுது. பரவாயில்லைங்களா?"

"சரிங்கம்மா."

அவன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போயிருக்கலாம். நான் கண்ணைக் காட்டினேன். அவன் அசையவில்லை. வயது, எடை, சர்க்கரை, பிரஷர் என்று கேள்விகள் போயின. கண்ணாத்தாள் அடுப்படி நிலையில் கரண்டியோடு நின்றாள்.

"வலிப்பு, ஃபிட்ஸ் மாதிரி எப்பவாவது வந்திருக்குங்களா?"

ரெத்தினம் அடுப்படி நிலையைப் பார்த்தான்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா." செருமிக்கொண்டான். "வந்திருக்குது. பதினாறு வருசமா மாத்திரை சாப்புடறேன். பாரத்துல இல்லைன்னு சொல்லிட்டேன். அது தப்பு. திருத்தி எழுதிக்குங்க."

சுடர்விழி குழந்தையின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"என்ன மாத்திரை சார்?"

சொன்னான். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. கடைசியாக வந்து பதிமூன்று வருஷம் ஆயிற்று என்றும் சொன்னான். கேஜ் மட்டம் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"ட்ரீட்மென்ட் பேப்பர்ஸ் அனுப்பி வைக்க முடியுங்களா?"

"பேப்பர் இருக்குதும்மா. வேற பேர்ல இருக்குது."

"வேற பேருன்னா? யார் பேர்லங்க?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க இன்னொரு பொய்யைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"என் பேர்லம்மா" என்றேன், போனைப் பார்த்து. "துரைராசு. அவனுக்கு அண்ணன். நான்தான் கொடுத்தேன்."

சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் கடிதம் வாங்கிச் சரியான பெயரில் அனுப்பச் சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

கோழிக்குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் போகவில்லை. சுடர்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏம்ப்பா, எங்கிட்டகூடச் சொல்லலியே. நான் யாரு இந்த வீட்டுல?" என்றாள்.

நான் மருமகனைப் பார்த்துத் திரும்பினேன். எங்கள் வீட்டுப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் பழியை என்மேல் வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது என் எண்ணம். "மாப்பிள, ஒங்க வீட்டுல மறைச்சது என் யோசனை. கேக்கறதை என்னைக் கேளுங்க. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

தமிழ்மாறன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. "மாமா, அப்ப உங்களுக்கு ஃபிட்ஸ் இல்லையா?"

"எனக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க அம்மாவுக்குத் தெரியும் மாமா. தஞ்சாவூர்ல மருந்துக்கடையில எங்க சின்னம்மா உங்க பேரும் ஊரும் போட்ட சீட்டைப் பாத்துட்டு வந்து சொன்னாங்க. பொண்ணோட பெரியப்பாவுக்குத்தானே, பரவாயில்லைன்னு அம்மா சொல்லிட்டாங்க. இந்த ஆறு வருசமா உங்களை எங்க பாத்தாலும் என் வண்டில ஏத்திக்கறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்களா ஓட்டிக்கிட்டுப் போயி ஆத்துல விழுந்துடக்கூடாதுன்னுதான்."

கண்ணாத்தாள்தான் முதலில் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றுத் தையல் வலித்திருக்கவேண்டும், ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சுடர்விழி அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆறு வருஷம் மரியாதை என்று எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு போன பாதையெல்லாம் கண்ணில் வந்தது. இன்னும் யார் யாருக்குத் தெரியுமோ.

"பாப்பாவுக்கு இது வருமான்னு டாக்டர்கிட்ட கேக்கணும்" என்றார் தமிழ்மாறன், சிரிப்பு அடங்கியதும். மதிவதனியைத் தூக்கி மடியில் வைத்திருந்தார். "வராமயும் போகலாம். ஆனா கேக்கணும். எங்க அம்மா சத்தம் போடுவாங்க, போடட்டும். நான் பாத்துக்கறேன்." அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அது இல்லை என்று நான் எழுதமாட்டேன்.

சாயங்காலம் ரெத்தினம் சித்தீக்குக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். "அக்காவுக்குக் கெடைச்சிரும் அண்ணே. உங்களுக்கு மூணு வருசம் காத்திருன்னு வரும், இல்ல வேணாம்னே வரும். எதுவா இருந்தாலும் நானே நேர்ல வந்து சொல்றேன். மீனோட வர்றேன்."

புதன்கிழமை தஞ்சாவூர் போனோம். கண்ணாத்தாளும் வந்தாள். வழியெல்லாம் தூறல். ரெத்தினம் தன் ஆதாரையும் நான் என் ஆதாரையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தோம். கிளினிக்கில் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவைக்குப் பிறகு நான் அங்கே போனதில்லை. சீட்டு எழுதும் பெண்ணிடம் பெயரைத் திருத்தவேண்டும் என்றேன். டாக்டரிடம்தான் சொல்லவேண்டும், பழைய பெயரிலேயே கூப்பிடுவேன் என்றாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது.

"துரைராசு!"

பக்கத்தில் ரெத்தினத்தின் உடம்பு தானாக எழப்போனது. கண்ணாத்தாள் அவன் தொடையில் கை வைத்து உட்கார வைத்தாள். நான் எழுந்தேன். இருபது பேரும் வியாதிக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து முகம் ஒன்றும் அதில் இருந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அவசரப்படாமல், நடுவில் நடந்து உள்ளே போனேன்.

டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? துரைராசு வரலையா?"

"நான்தான் துரைராசு" என்றேன். "நீங்க பதினாறு வருசமா பாக்கறது என் தம்பி." சொல்லவேண்டியதை நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஃபைலை எடுத்து, மேலே இருந்த என் பெயரைப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் வேறு பெயர் எழுதி, பெண்ணிடம் கொடுத்தார்.

அவள் கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"ரெத்தினம்!"

அந்த வாசலில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. வெளியே ஒரு நாற்காலி நகர்ந்தது.